முதலாமாண்டு டிசைன் பாடத்தில் சஸ்டெயினபிலிட்டி: கடைசி ஸ்லைடைத் தாண்டி எப்படிக் கொண்டுவருவது?

வரைபலகை (கேள்வி)

வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் ஆறு வருடமாக இருக்கிறேன். இந்தப் பருவத்தில் முதலாமாண்டு டிசைன் பாடம் என் பங்குக்கு வந்திருக்கிறது. 64 பேர், நாலு பேருக்கு ஒரு குழு, வாரத்துக்கு மூன்று பீரியட், கையில் 14 வாரம். டிசைன் செய்யும்போது சஸ்டெயினபிலிட்டியையும் (பூமிக்கும் வருங்காலத் தலைமுறைக்கும் கேடில்லாமல் செய்வதை) கணக்கில் எடுக்க வேண்டும் என்று பாடத்திட்டத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது. அதற்கு 100க்கு 5 மார்க்.

போன வருடம் இதே பாடத்தின் கடைசி நாளன்று மதிப்பெண் போட என்னையும் உட்கார வைத்தார்கள். 16 குழுவில் ஏழு குழு ஸ்மார்ட் குப்பைத்தொட்டி. கையை நீட்டினால் மூடி தானாகத் திறக்கும். ஏழுக்கும் கடைசி ஸ்லைடு ஒன்றுதான். ஒரு பச்சை இலைப் படம், கீழே ‘எங்கள் தயாரிப்பு சுற்றுச்சூழலுக்கு உகந்தது’. எப்படி உகந்தது என்று கேட்டேன். “குப்பைத்தொட்டி சார் இது” என்றான் பையன், இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும் என்பது போல.

வீட்டுக்கு வந்து சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூடியை இயக்க அவர்கள் வைத்த ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் போர்டு வேலையே செய்யாமல் இருந்தாலும் 45, 50 மில்லி ஆம்பியர் இழுக்கும். கை வருகிறதா என்று பார்க்கும் சென்சாருக்கு இன்னொரு 15. எல்லாரும் மாட்டியிருந்தது கடையில் கிடைக்கும் அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரி. அது நல்லதாக இருந்தாலே 400, 500 மில்லி ஆம்பியர் மணிதான் தாங்கும். மூடியைத் தூக்கும் மோட்டாரைச் சேர்க்காமலேயே எட்டு மணி நேரம் தாண்டாது. காலையில் போட்ட பேட்டரி சாயங்காலம் அதே தொட்டிக்குள் விழ வேண்டியதுதான்.

இந்தச் சொல்லே ஒரு தொல்லை. தமிழில் சொல்லிப் பார்ப்போமே என்று ‘நிலைத்தன்மை’ என்றேன். ஒருத்தி அழகாக எழுதினாள்: மேசையின் நான்கு காலும் தரையில் பதிந்து ஆடாமல் நிற்பது. மெக்கானிக்கல்காரர்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அப்படித்தான் எழுதுவார்கள், அவள் மேல் தப்பில்லை. அதனால் இங்கே சஸ்டெயினபிலிட்டி என்றே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

என்னிடம் பணம் கிடையாது. விலைகொடுத்து வாங்கும் மென்பொருள் கிடையாது. நானும் இதை முறையாகப் படித்தவன் இல்லை. சுற்றுச்சூழல் பாடம் தனியாக நாலாவது செமஸ்டரில் வருகிறது. அதை நடத்துகிறவர் வேதியியல் துறை, எங்கள் டிராயிங் ஷீட்டை அவர் பார்த்ததே இல்லை. இந்தப் பாடத்தை நடத்திய அனுபவம் உள்ளவர்கள் யாராவது, அந்தப் பச்சை இலை ஸ்லைடு இல்லாமல் எப்படி ஓட்டினீர்கள் என்று சொல்லுங்களேன்.


ரிவிட்_செட்

நேராகவே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு ஃப்ரீ பாடி டயகிராம் (ஒரு பொருள் மேல் விழும் விசைகளைக் காட்டும் படம்) வரையத் தெரியவில்லை. மில்லிமீட்டரில் அளவு கொடுத்தால் சென்டிமீட்டரில் வெட்டுகிறார்கள். இதில் கார்பன், பூமி, வருங்காலத் தலைமுறை என்றெல்லாம் ஏற்றினால் எதுவும் மண்டையில் நிற்காது. ஐந்து மார்க்தானே, எல்லாருக்கும் நாலு போட்டுவிட்டு மீதி நேரத்தில் விசையும் திருப்புத்திறனும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்கள். 19 வருடம் பட்டறையில் நின்றவன் சொல்கிறேன். டிசைன் தெரிந்தவனுக்கு வீணாக்காமல் செய்வது தானாக வரும்.


கழற்றிப்பார்

வரைபலகை சார், உங்கள் பேட்டரிக் கணக்கு அருமை. ஆனால் அதை வீட்டில் உட்கார்ந்து நீங்கள் போட்டதுதான் தப்பு. அந்தப் பையன் வகுப்பில் போட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இந்தப் பாடமே அவ்வளவுதான். ஆனால் அங்கே வந்து சேர எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பதினோரு வருடமாக முதலாமாண்டுக்கு எடுக்கிறேன். முதல் வருடம் நான் செய்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. 1987ல் ஐ.நா. ஆணையம் கொடுத்த வரையறை, சுற்றுச்சூழல், சமூகம், பொருளாதாரம் என்று மூன்று வட்டம், அப்புறம் 17 இலக்குகள். பிள்ளைகள் தேர்வில் அச்சுப் பிசகாமல் எழுதினார்கள். கல்லூரிக்குத் தர அங்கீகாரம் தரும் என்பிஏவின் ஃபைலில், சுற்றுச்சூழலுக்கான பிஓ7 என்ற கட்டத்துக்கு நேராக நானும் முழு அளவான 3 என்று போட்டுக்கொண்டேன். ஒரே ஒரு குழுவின் டிராயிங்கில்கூட ஒரு கோடு மாறவில்லை.

இரண்டாம் வருடம் எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். ஆயுட்சுழற்சி மதிப்பீடு (ஒரு பொருள் செய்வதிலிருந்து குப்பைக்குப் போகும் வரை உள்ள பாதிப்புக் கணக்கு), அதற்கான ஐஎஸ்ஓ 14040 தரநிலை என்று ஆரம்பித்து, இலவச மென்பொருள் ஒன்றை லேபில் ஏற்றவே நாலு வாரம். ஒரு குழு பேனா ஒன்றுக்கு இத்தனை கிலோ கார்பன் என்று தசமத்துக்குப் பிறகு ஏழு இலக்கம் கொண்டுவந்தது. சரி, இப்போது பேனாவில் எதை மாற்றுவீர்கள் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் வருடம் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். செத்துப்போன டேபிள்டாப் கிரைண்டர் ஆறு, சீலிங் ஃபேன் ஐந்து, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஐந்து. பேரம் பேசி எல்லாம் சேர்த்து 3,000க்குள். குழுவுக்கு ஒன்று. கூடவே இரண்டு சமையல் தராசு, ஸ்க்ரூடிரைவர் செட். முதல் இரண்டு வாரம் பேச்சே இல்லை, கழற்றுவதுதான் வேலை. ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்து எழுத வேண்டும், என்ன பொருள், எதனோடு எப்படிச் சேர்த்திருக்கிறார்கள், உடைக்காமல் பிரிக்க எத்தனை நிமிடம். திரும்ப மாட்டி ஓட வைத்தால் டீ என் செலவு.

மூன்றாம் வாரம் அரைப் பக்கத்தில் ஒரு பட்டியல் கொடுத்தேன். இரும்பு ஒரு கிலோ செய்ய 2 கிலோவுக்கு மேல் கரியமில வாயு (கார்பன் என்று நான் சொல்வது இதைத்தான்), பிளாஸ்டிக் வகையைப் பொறுத்து 2லிருந்து 3.5, நம் ஊர் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. அலுமினியம் தாதுவிலிருந்து வந்தால் மிக அதிகம், பழைய அலுமினியத்தை உருக்கினால் அதில் 5 சதவீத ஆற்றலே போதும். இதெல்லாம் தோராயம், ஒரு புத்தகத்துக்கும் இன்னொன்றுக்கும் மாறும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எது பெரியது, எது சிறியது என்று வரிசை தெரிந்தால் போதும்.

அன்றைக்கு வகுப்பில் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. ஃபேன் குழு கணக்குப் போட்டது. 75 வாட், தினம் 12 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள். 270 யூனிட். கார்பன் சுமார் 190 கிலோ. மொத்த ஃபேனின் எடையே ஐந்து கிலோவுக்குள்தான். ஆக அதை எதில் செய்தார்கள் என்பதைவிட எப்படிச் சுற்றுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 30 வாட் பிஎல்டிசி மோட்டார் (பிரஷ் இல்லாத, கரண்ட் குறைவாக இழுக்கும் வகை) போட்டால் வருடத்துக்கு 162 யூனிட் மிச்சம். ‘ஃபேன் இறக்கையை மூங்கிலில் செய்வோம்’ என்று முந்தின வாரம் சொன்ன பெண் தானாகவே அதை அடித்துவிட்டாள்.

கிரைண்டர் குழு வேறு மாதிரி வந்தது. 150 வாட், அரை மணி நேரம், வாரம் மூன்று தடவை. வருடம் முழுக்க ஓடினாலும் 12 யூனிட்கூட வரவில்லை, 8 கிலோ கார்பன். ஆனால் எடை 11 கிலோ. அதைச் செய்ய ஆன கார்பன் சில வருட மாவரைப்புக்குச் சமம். அப்படியென்றால் அங்கே மோட்டாரைத் திறமையாக்குவதில் பெரிய லாபம் இல்லை. நாலு வருடத்தில் சாகிற கிரைண்டர் பன்னிரண்டு வருடம் உழைத்தால்தான் லாபம். நாற்காலிக்கு மின்சாரமே கிடையாது. இரண்டரை கிலோ பிளாஸ்டிக், அவ்வளவுதான் அதன் கணக்கு முழுக்க. அது ஏன் எப்போதும் பின்னங்காலிலேயே உடைகிறது என்பதுதான் கேள்வி.

ஒரே பட்டியல், மூன்று பொருள், மூன்று வெவ்வேறு பதில். ‘பிளாஸ்டிக் கெட்டது, மூங்கில் நல்லது’ என்று வந்த பிள்ளைகளுக்கு அது ஆட்டம் கண்டது. வரையறை எதுவும் அன்றைக்கு நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம், பஸ் ஸ்டாண்டு பக்கம் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனைக் கூப்பிட்டேன். பாகங்களைப் பார்த்தவுடனே “பெல்ட் போயிருக்கும், இல்லாட்டி கெப்பாசிட்டர், அதுவும் இல்லன்னா தண்ணி இறங்கி பேரிங் பிடிச்சிருக்கும்” என்றார். ஆறில் ஐந்துக்கு அதுதான். ஒன்றுகூட பெரிய செலவு இல்லை. ஆனால் இரண்டு மாடலில் அடிப்பக்கத்தை உடைக்காமல் திறக்கவே முடியாது, அதனால் வாடிக்கையாளரிடம் புதுசு வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுவாராம். பிள்ளைகள் நோட்டை மூடிவிட்டு அவரைச் சுற்றி நின்றார்கள். நான் பதினோரு வருடத்தில் பார்க்காத அமைதி. அவருக்குக் கொடுக்க வேண்டிய ஆயிரம் ரூபாய்க்கு வவுச்சர் போட்டால், ‘சிறப்பு விருந்தினரின் உயர்ந்தபட்சக் கல்வித்தகுதி’ என்ற கட்டத்தை நிரப்பாமல் அலுவலகம் வாங்கவில்லை. கடைசியில் என் பையிலிருந்து கொடுத்தேன். அது வேறு கதை.

மார்க் விஷயம். ‘உங்கள் டிசைன் எப்படி சஸ்டெயினபிள்’ என்று கேட்காதீர்கள், பச்சை இலைதான் வரும். முதல் டிராயிங்கையும் கடைசி டிராயிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். இந்தக் கணக்கால் எந்தக் கோடு மாறியது, அதற்கு என்ன விலை கொடுத்தீர்கள். கோடு மாறவில்லையென்றால் மார்க் இல்லை. இன்டர்னலில் உங்கள் கையில் இருப்பதை வைத்து ஐந்தை 20 ஆக்குங்கள்.

‘என்ன விலை கொடுத்தீர்கள்’ என்பது முக்கியம். ஒரு குழு பிளாஸ்டிக் வேண்டாம் என்று கிரைண்டரின் உடம்பை இரும்புத் தகட்டில் வரைந்து வந்தது. 1.8 கிலோ பிளாஸ்டிக் போய் 4 கிலோ இரும்பு. கார்பன் ஏறிவிட்டது. எடையும் ஏறிவிட்டது. “எங்க பாட்டியால இதை நகர்த்த முடியாது மேம்” என்று அவர்களே சொன்னார்கள். அதை அப்படியே எழுதி, திரும்பப் பிளாஸ்டிக்குக்கு வந்து, அடித்தட்டை நாலு ஸ்க்ரூவில் கழலும்படி வைத்தார்கள். அந்த வருடத்தின் முழு மதிப்பெண் அவர்களுக்குத்தான்.

ரிவிட்_செட் சார், ஒரு வார்த்தை. விசையும் திருப்புத்திறனும் வேண்டும் என்கிறீர்கள். ஸ்மார்ட் குப்பைத்தொட்டிக் குழுவிடம் ‘இதே வேலையை மோட்டாரும் பேட்டரியும் இல்லாமல் செய்’ என்று சொல்லிப் பாருங்கள். காலால் மிதிக்கும் பெடலுக்கு வருவார்கள். அப்புறம் மூடியின் எடை, பெடலின் நீளம், கம்பி எங்கே மாட்டுவது, எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு திறக்கும் எல்லாம் கணக்குப் போட்டே ஆக வேண்டும். சென்சாரை ஒட்டினால் ஒரு திருப்புத்திறனும் வராது.


வரைபலகை

கழற்றிப்பார் மேடம், கோடி நன்றி. இரும்புக் கடைக்கு நாளைக்கே போகிறேன். ஒரு சந்தேகம். எங்கள் கல்லூரியில் எந்த விழா நடந்தாலும் ஒரு மஞ்சப்பை கொடுப்பார்கள். வீட்டில் பதினொன்று சேர்ந்திருக்கிறது. நாற்காலி, கிரைண்டருக்குப் பதில் பையையே கணக்குப் போடச் சொன்னால் சுலபமாக இருக்காதா?


கழற்றிப்பார்

சுலபம்தான், ஆனால் சூதானமாக. 2018ல் டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை போட்ட கணக்கில், பருத்திப் பை பருவநிலைக் கணக்கில் மட்டுமாவது அங்கத்திய கடைப் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமென்றால் 52 தடவை பயன்பட வேண்டும். மற்றப் பாதிப்புகளையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் போகிறது. இதை வகுப்பில் சொன்னவுடன் ஒருவன் எழுந்து “அப்ப பிளாஸ்டிக்தானே நல்லது, அரசாங்கம் ஏன் 2019ல் தடை போட்டது” என்று கேட்டான். நியாயமான கேள்வி. விடை என்னவென்றால், அந்தக் கணக்கில் தெருவில் வீசப்படும் பை கிடையாது. அங்கே பை எரிகலனுக்குப் போய்விடும். சாக்கடை அடைப்பதும், மாடு தின்பதும், கண்மாய்க் கரையில் தொங்குவதும் நம் ஊர்க் கணக்கு. எல்லையை எங்கே போட்டார்கள் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் எந்தப் பக்கத்துக்கும் வாதாடலாம்.

பத்தாவது வாரத்துக்கு மேல் நல்ல பாடம் இது. முதல் வாரத்தில் வைக்காதீர்கள், குழம்பிவிடுவார்கள். உங்கள் பதினொரு பைக்கு 52 வீதம் 572 தடவை கடைக்குப் போக வேண்டும், இன்றைக்கே ஆரம்பியுங்கள்.


கோவை_டூல்ரூம்

வணக்கம்ங்க. நான் வாத்தியார் இல்லை. வீட்டு உபயோகப் பொருளுக்கு மோல்டு (பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும் அச்சு) டிசைன் செய்கிறவன், 22 வருடம். மேடம் சொன்ன அந்த ‘உடைக்காமல் திறக்க முடியாத அடிப்பக்கம்’ மாதிரி நானே வரைந்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகளிடம் அதைக் கம்பெனிக்காரனின் அயோக்கியத்தனம் என்று மட்டும் சொல்லிவிடாதீங்க. ஒரு ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் லாக் வைத்தால் அசெம்பிளி லைனில் ஐந்து விநாடி மிச்சம் என்று வையுங்கள். வருடத்துக்கு இரண்டு லட்சம் பீஸ் என்றால் சுமார் 278 மணி நேரம். அந்தக் கூலி மிச்சம் எங்கள் கணக்கில் வரும். ஐந்து வருடம் கழித்து ரிப்பேர்காரர் தலையைச் சொறிவது எங்கள் கணக்கில் வராது. டிசைன் செய்கிறவனுக்கு அந்த இரண்டாவது ஆளை யாராவது அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும். எனக்கு யாரும் வைக்கவில்லை. மேடம் கூட்டி வந்த அந்த அண்ணன் எனக்கு முதலாமாண்டில் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கழற்றும்போது பிள்ளைகள் கவனிக்க வேண்டியதில் இரண்டு மூன்று சொல்கிறேன். பிளாஸ்டிக் பாகத்தின் உள்பக்கம் ஏபிஎஸ், பிபி என்று பொருளின் பெயர் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவர் எரித்து மோந்து பார்த்துத்தான் பிரிக்கிறார். பித்தளை நட்டை மோல்டிலேயே உள்ளே வைத்திருப்போம், பிடிப்புக்கு. அதைப் பிரிப்பது பெரும்பாடு. கைப்பிடி மெத்தென்று இருக்க ரப்பர் மாதிரி ஒன்றை பிளாஸ்டிக் மேல் ஊற்றியிருப்போம், அது பிரியவே பிரியாது. ஒரே பொருளில் நாலு வகை ஸ்க்ரூ இருந்தால் அது டிசைனர் சோம்பேறி என்று எழுதிக்கொள்ளலாம், என்னையும் சேர்த்துத்தான்.

இன்னொன்றுங்க. கரண்ட் பில் யார் கட்டுகிறார் என்று கேட்க வையுங்கள். வாடகை வீட்டில் ஃபேன் வாங்குகிறவர் வீட்டுக்காரர், பில் கட்டுகிறவர் குடியிருக்கிறவர். அங்கே 30 வாட் ஃபேன் எப்படி விற்கும்? 2023 ஜனவரியிலிருந்து ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். எங்கள் பக்கத்துப் பம்ப் செட்டில் இன்னும் சுவாரசியம். விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம். விவசாயி திறமையான மோட்டார் கேட்பதில்லை, வோல்டேஜ் விழுந்தாலும் காயில் கருகாத மோட்டார்தான் கேட்பார். அவர் கேட்பது அவர் கணக்கில் நியாயம். டிசைன் மேசையில் உட்காரும்போது இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.


மடைகாவல்

நான் சிவில். மேலே எல்லையைப் பற்றிப் பேச்சு வந்ததால் நுழைகிறேன். வரைபலகை, நீங்கள் ஈரோடு பக்கம் என்கிறீர்கள். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை ஒரத்துப்பாளையம் கூட்டிப்போங்கள், சென்னிமலையிலிருந்து கிட்டத்தான்.

நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய அணை. ஈரோடு, கரூர்ப் பக்கத்து வயல்களுக்கு நீர் போக வேண்டும். அணை உடையவில்லை, விரிசல் விடவில்லை. கட்டுமானமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் மேலே திருப்பூரில் சாயப்பட்டறைகள் பெருகி, அந்தக் கழிவு இறங்கி வந்து தேங்கும் தொட்டியாக அது ஆகிவிட்டது. எந்த நிலத்துக்காகக் கட்டினார்களோ அந்த நிலத்து விவசாயிகளே தண்ணீரைத் திறக்காதே என்று போராடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரை வெளியே விடும் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

அதோடு கதையை முடிக்காதீர்கள், அதற்குப் பின்னால் வந்ததுதான் டிசைன் மாணவர்களுக்கு. பட்டறைகள் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்குப் போயின. எதிர் சவ்வூடு பரவலில் (வீட்டு ஆர்ஓ மாதிரி) வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, உப்பைப் பிரிக்க வேண்டும். நீராவிக்கு எரிபொருள், பம்புகளுக்கு மின்சாரம். கடைசியில் மிஞ்சும் கலவை உப்பை என்ன செய்வது என்ற தலைவலி தனி. ஆற்றுக்குப் போகும் கழிவைத் தடுக்கப் போய், புகைபோக்கியில் செலவு ஏறியது. கழற்றிப்பார் சொன்ன ‘என்ன விலை கொடுத்தீர்கள்’ என்ற கேள்வியை அணைக்கரையில் நின்று கேளுங்கள். திருப்பூர்ப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நாலு பேராவது இருப்பார்கள். பட்டறையில் வேலை பார்க்கும் அப்பாவும் இருப்பார், கிணறு கெட்ட தாத்தாவும் இருப்பார். பேசவிட்டு நீங்கள் ஓரமாக நில்லுங்கள்.


வரைபலகை

ஐந்து வாரம் ஆயிற்று, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

இரும்புக் கடையில் கிரைண்டர் நாலுதான் கிடைத்தது. மீதிக்கு மிக்ஸி. நாற்காலிக்கு அலையவே வேண்டியதில்லை, கல்லூரி மாடியில் உடைந்தது நாற்பது கிடந்தது. அதைவிட, எங்கள் வாட்ச்மேன் ஐயா உட்காரும் நாற்காலியைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். பின்னங்கால் விரிசலின் இரண்டு பக்கமும் கம்பியைச் சூடு பண்ணி ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து வைத்திருக்கிறார். மூன்று வருடமாக அதில்தான் உட்காருகிறாராம். குழு அவரிடம் கெஞ்சிக் கேட்டு ஒரு மணி நேரம் வாங்கி வந்து அளந்தது. விரிசல் விழும் அதே இடத்தில் உள்பக்கம் ஒரு குறுக்குப் பட்டை சேர்த்து வரைந்திருக்கிறார்கள். 40 கிராம் பிளாஸ்டிக் கூடுதல். அதை வேறெங்கே குறைப்பது என்று இப்போது சண்டை. முதுகுப் பக்கத்துப் பூ வேலைப்பாட்டை எடுத்துவிடலாம் என்கிறான் ஒருவன், பூ இல்லாவிட்டால் கல்யாண மண்டபக்காரர் வாங்க மாட்டார் என்கிறாள் இன்னொருத்தி. எனக்கு விடை தெரியாது, நான் வாயைத் திறக்கவில்லை.

குழப்பமும் உண்டு. இரண்டு குழு கழற்றியதோடு சரி, கணக்கை ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி. ஒரு குழு மோட்டாரைத் திரும்ப மாட்டியதில் லேபின் ஃப்யூஸ் போய், துறைத் தலைவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரத்துப்பாளையத்துக்குப் பஸ் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஸ்மார்ட் குப்பைத்தொட்டி இந்த வருடமும் மூன்று குழு கொண்டுவந்தது. பேட்டரிக் கணக்கை அவர்களையே போட வைத்தேன். ஒரு குழு பேட்டரிக்குப் பதில் சோலார் பேனல் வைக்கிறோம் என்றது, தொட்டி இருக்கப் போவது கழிவறைக்குள். இன்னொரு குழு முகம் சுளித்துக்கொண்டே பெடலுக்கு மாறியது. மூன்றாவது இன்னும் யோசிக்கிறது.


ரிவிட்_செட்

பெடல் குழுவின் லிங்கேஜ் (பெடலையும் மூடியையும் இணைக்கும் கம்பி அமைப்பு) டிராயிங்கையும் ஃப்ரீ பாடி டயகிராமையும் இங்கே போடுங்கள். கம்பியை மூடியோடு மாட்டும் பின்னை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். மூடியின் கீலுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், எல்லாரும் முதலில் அப்படித்தான் வைப்பார்கள், ஆளே ஏறி நின்றால்தான் திறக்கும்.


வரைபலகை

அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் சார். நேற்று மிதித்ததில் பெடல் வளைந்துவிட்டது. திங்கட்கிழமை புது டிராயிங் வருகிறது, வளைந்த பெடலின் படத்தோடு சேர்த்துப் போடுகிறேன்.